நிறையிட்ட சராசரி: வெங்காயத்தில் இருந்து தொடங்குவோம்

போன கிழமை அம்மா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கினார். ஒரு வியாபாரியிடம் கிலோ 300 ரூபாய்ப்படி 3 கிலோ, அவரிடம் முடிந்துவிட்டதால் பக்கத்தில் 420 ரூபாய்க்கு இன்னும் 1 கிலோ. சராசரியாய் என்ன விலை விழுந்தது என்று கேட்டார். தம்பி இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் பிரித்து 360 என்றான். "அப்பிடியெண்டா 1440 எல்லோ முடிஞ்சிருக்க வேணும், 1320 தானே குடுத்தனான்" என்றார் அம்மா.

அம்மா சொன்னதுதான் சரி. தம்பி 1 கிலோவுக்கும் 3 கிலோவுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துவிட்டான்.

இப்போது நீங்கள் செய்து பாருங்கள். தாளில் இரண்டு நிரல் கீறி, முதலாவதில் விலையையும் அடுத்ததில் நிறையையும் எழுதுங்கள். வரிக்கு வரி பெருக்கினால் 900, 420, கூட்டினால் 1320. அப்புறம் நிறைகளைக் கூட்டுங்கள், 4. முதல் தொகையை இதனால் பிரித்தால் கிலோ 330 ரூபாய். இதுதான் நிறையிட்ட சராசரி. பிழை விடுவது இந்தக் கடைசி இடத்தில்தான்: இரண்டு வரி இருக்கிறதே என்று 2 ஆல் பிரித்துவிடுவார்கள், அப்படிச் செய்யாதீர்கள், நிறைகளின் கூட்டுத்தொகையால்தான் பிரிக்க வேண்டும்.

வெங்காயத்தில் நிறை என்பது உண்மையாகவே கிலோ. மற்ற இடங்களில் அது, எந்த எண்ணுக்கு எவ்வளவு பங்கு என்று நாம் வைக்கும் கணக்கு. பல்கலைக்கழக ஜிபிஏயில், அதாவது எல்லாப் பாடப் பெறுபேறுகளின் சராசரியில், பாடம் எவ்வளவு பெரியது என்று காட்டும் கிரெடிட்தான் நிறை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் (வீட்டுக்கு வாங்கும் பொருட்களின் விலை எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்) ஒவ்வொரு பொருளின் நிறையும் குடும்பச் செலவில் அதற்குள்ள பங்கு. அந்தப் பங்கு கொழும்பு மாவட்ட நகர்ப்புறக் குடும்பங்களின் செலவில் இருந்து எடுத்தது. ஆகவே வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் நெடுந்தீவு வீடு ஒன்றுக்கு, விலை ஏறியது அந்த எண்ணில் தெரிவதைவிடக் கூடவாகத் தெரியலாம்.

கருத்துக்கணிப்பில் இது இன்னும் முக்கியம். கிணற்றுத் தண்ணீர் உவரா என்று நகரத்தில் 50 பேரிடமும் தீவுப்பகுதியில் 50 பேரிடமும் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். நகரத்தில் 20 வீதம், தீவில் 80 வீதம் ஆம் என்கிறார்கள் (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை). அப்படியே சேர்த்தால் 50 வீதம் வரும். ஆனால் சனத்தொகையில் பத்தில் ஒன்பது பேர் நகரம் என்றால் 20 ஐ 0.9 ஆலும் 80 ஐ 0.1 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். விடை 26 வீதம். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! நிறைகளை விடைகளைப் பார்க்க முதலே எழுதி வையுங்கள், பார்த்த பிறகு வைத்தால் கை தனக்குப் பிடித்த பக்கம் சாயும்.

அளவீட்டில் நிறை, கருவியை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பொறுத்தது. கிணற்றின் ஆழத்தைக் கயிற்றால் அளந்தால் 620 சென்ரிமீற்றர், 10 கூடலாம் குறையலாம். இரும்பு நாடாவால் 610, பிழை 5 தான். பிழை பாதியானால் நிறை நான்கு மடங்கு, ஏனென்றால் நிறை பிழையின் வர்க்கத்துக்கு நேர்மாறு. எனவே 620 ஒருமுறை, 610 நான்குமுறை, மொத்தம் 3060. 5 ஆல் பிரித்தால் 612. ஆனால் கயிறு கட்டின் மேல்விளிம்பில் இருந்தும் நாடா நிலமட்டத்தில் இருந்தும் அளந்தவை என்றால் எந்த நிறையும் உதவாது, திரும்ப அளக்க வேண்டியதுதான்.