பழைய பென்ஸ் காரில் பிரேக் பிடிக்கவில்லையா? முதலில் பெடலைக் கவனியுங்கள்

என்னிடம் இருப்பது 1982ஆம் வருடத்து மெர்சிடிஸ் 300டி டீசல் கார். தூதரகக் கார் ஏலத்தில் என் மாமனார் எடுத்தது. ஒரு நாள் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பர்லியாறு தாண்டியதும், முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நின்றது. பட்டறையில் நான்கு சக்கரங்களுக்கும் பேட் மாற்றினார்கள். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் புதிதாகப் போட்டார்கள். பில் வந்தது, பிரேக் வரவில்லை.

பெடல் கல்லாக இருக்கிறதா, பஞ்சாக அமுங்குகிறதா, மிதித்தபடி வைத்திருந்தால் மெல்லக் கீழே இறங்குகிறதா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள்.

என் வண்டியில் பெடல் கல். அப்படியிருந்தால் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணையுங்கள். நம் மிதிக்குப் பலம் கூட்டுவது பூஸ்டர்; அது வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தில், வேலை செய்கிறது. ஐந்தாறு முறை மிதித்தால் அதில் தேங்கிய வேக்குவம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். காலை எடுக்காமல் இன்ஜினைக் கிளப்புங்கள். பெடல் ஒரு விரற்கடை தானாகக் கீழே போக வேண்டும். போகவில்லையென்றால் பேடைத் தொடவே வேண்டாம். பூஸ்டரையும் அதற்கு வேக்குவம் வரும் வழியையும் பாருங்கள்.

பெட்ரோல் காரில் இன்ஜின் உறிஞ்சும் காற்றிலேயே வேக்குவம் கிடைத்துவிடும். டீசலில் அது இல்லை. தனி பம்ப் வேண்டும். இந்த மாடலில் அதே பம்ப்தான் கதவுப் பூட்டுகளையும் இயக்குகிறது, சாவியைத் திருப்பினால் இன்ஜினை நிறுத்துவதும் அதன் வேலைதான். என் வண்டி சாவியை எடுத்த பிறகும் சில விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவுகள் பல மாதங்களாகப் பூட்டவில்லை. வயதான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்று தோன்றவே இல்லை.

பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைக் கழற்றி வேக்குவம் மீட்டரை மாட்டுங்கள். மலையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: மேட்டுப்பாளையத்தில் 640 மில்லிமீட்டர் (பாதரச அளவு) காட்டும் நல்ல பம்ப், குன்னூரில் 520தான் காட்டும். இங்கே காற்றழுத்தமே குறைவு. அதைப் பார்த்துப் பம்பை மாற்றிவிடாதீர்கள். என்னுடையது 300ஐத் தாண்டவில்லை. கிளைக் குழாய்களையெல்லாம் அடைத்துப் பார்த்தும் ஏறவில்லை என்றதும் பம்ப்தான் என்று உறுதியாயிற்று. இதைத் தள்ளிப்போடவும் கூடாது. பம்பின் பேரிங் உடைந்தால் துண்டுகள் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினில் விழுந்து இன்ஜினே போய்விடும்.

மீட்டரில் அளவு சரியாக இருந்தால், ஹோஸில் உள்ள ஒருவழி வால்வை ஊதிப் பாருங்கள். காற்று இன்ஜின் பக்கமாக மட்டுமே போக வேண்டும். அதுவும் சரியென்றால் பெரும்பாலும் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது.

டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். பம்பும் சேர்ந்து நின்றுவிடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பூஸ்டர் உதவாது.

பஞ்சுப் பெடல் என்றால் லைனில் காற்று இருக்கலாம், அல்லது ஆயில் பழையதாக இருக்கலாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி விட, பெடல் தரைக்குப் போகும். ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல் திரும்பிவிடும். அதனால்தான் பட்டறையில் கோளாறு அகப்படுவதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஓட்டி வந்ததும் சக்கரங்களின் அருகே கை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். அதிகம் சுடும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். சுற்ற மறுக்கும் சக்கரம் காலிப்பரில் (பேடை அழுத்தும் பாகம்) காற்றை வெளியேற்ற இருக்கும் ஏர் திருகைத் திறந்ததும் விடுபட்டால், பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும். வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும்.

மிதித்திருக்கும்போதே பெடல் இறங்கி, வெளியே கசிவும் இல்லையென்றால்தான் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். பழைய சிலிண்டரில் ஏர் எடுக்கும்போது, அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றும்போது, பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். வழக்கமாகப் போகாத துருப் பகுதியில் ரப்பர் உரசிக் கிழியும். பட்டறையில் கழற்றிய என் பழைய சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. துடைத்து, எண்ணெய் தடவி, அலமாரியில் வைத்திருக்கிறேன்.