பூல் (pool, மேசைமேல் கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம்) ஆடும்போது மூக்குக்கண்ணாடி மறைக்கிறதா?

கியூ, அதாவது ஆட்டக்கோல், மேல் தாடை உரசக் குனிந்துதான் குறி பார்க்கிறோம், அப்போது கண் போவது லென்ஸின் உச்சிப் பகுதிக்கு. அங்கே பிரேமின் மேல்விளிம்பு குறுக்கே நின்றால் பவர் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. அதனால் உயரமான லென்ஸ், மேல்விளிம்பு இல்லாத அல்லது மெல்லிய பிரேம், வளைத்து உயர்த்தக்கூடிய மூக்குப் பட்டை. இதேபோல் கியூவால் ஆடும் ஸ்னூக்கரில், 1985 உலக இறுதியாட்டத்தில் டென்னிஸ் டெய்லர் தலைகீழாக மாட்டியதுபோல ஒரு பெரிய கண்ணாடியோடு ஸ்டீவ் டேவிஸை வென்றாரே, அது இதற்காகவே செய்த கண்ணாடி.

சிங்கப்பூரில் தேக்காவிலோ வட்டாரக் கடைத்தொகுதியிலோ வாங்கினாலும் சரி, கடையிலேயே மேசைமேல் குனிந்து காட்டி, லென்ஸின் மையத்தை அந்த நிலைக்கு ஏற்ப மேலே வைக்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

நாற்பது தாண்டியவர்களுக்கு புரோகிரஸிவ் லென்ஸ் (மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறுவது) இந்த ஆட்டத்துக்கு ஒத்துவராது என்பேன், ஓரங்களில் எல்லாம் நெளிந்து தெரியும், நேர்கோடே சந்தேகமாகிவிடும். 9 அடி மேசையின் தூரத்துக்கு ஒரே பவரில் தனியாக ஒன்று போட்டுக்கொள்வது மேல். அப்புறம் மேசைக்கு மேலே விளக்கு தொங்குவதால், ஒளி எதிரொளிக்காத கோட்டிங் கேட்டு வாங்குங்கள்.