பேரியரா, பேரிகேடா, ஹர்டிலா? எதை எங்கே போடுவது

ஆங்கிலத்தில் எழுதும்போது தடை என்று தோன்றும் இடத்திலெல்லாம் பேரியர் என்று போட்டுவிடுகிறோம், எல்லா இடத்துக்கும் அது ஒத்துவராது. பேரியர் இரண்டு பக்கத்தையும் பிரித்து நிற்பது, பெரும்பாலும் நிலையானது. லண்டனில் கடல் வெள்ளம் ஊருக்குள் ஏறாமல் தேம்ஸ் நதியின் குறுக்கே கட்டியிருக்கும் கதவுகளுக்கு தேம்ஸ் பேரியர் என்று பெயர். பாஷை புரியாமல் இருவர் திண்டாடினால் அது லாங்குவேஜ் பேரியர்.

பேரிகேட் அப்படியில்லை. அவசரத்துக்கு வழியை மறிப்பது. பீப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, 1588-இல் பாரிஸ் மக்கள் மண்ணும் கல்லும் நிரப்பிய பீப்பாய்களைத் தெருவில் அடுக்கி அரசரின் படையையே நிறுத்தினார்கள். நம் ஊர் போலீஸ் சாலையில் இழுத்து வைக்கும் இரும்புத் தடுப்பும் பேரிகேட்தான்.

ஹர்டில் தாண்டுவதற்கென்றே இருப்பது. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் வரிசையாக 10 நிற்கும், ஒன்றைத் தாண்டினால் அடுத்தது, அதனால் எழுத்துத் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று கட்டம் கட்டமாகக் கடக்கிற விஷயத்துக்கு இதுதான் கச்சிதம்.

ஆப்ஸ்டகிள் பொதுவான சொல். வழியில் கிடக்கும் பாறைக்கும் சொல்லலாம், கையில் காசில்லாததற்கும் சொல்லலாம், சந்தேகமாக இருந்தால் இதையே போடுங்கள்.

அப்புறம், கூட வரும் வினையையும் சேர்த்தே பழகுங்கள்: பேரியர் என்றால் பிரேக் டவுன், ஹர்டில் என்றால் கிளியர், ஆப்ஸ்டகிள் என்றால் ஓவர்கம்.