வஞ்சிரம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை காசிமேடு மீன் சந்தைக்குப் புதிதாக வருபவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதே தவறுகளைத்தான் ஒவ்வொருவரும் முதலிலிருந்து செய்கிறார்கள். செவுள் சிவப்பாக இருக்கணும், கண் தெளிவாக இருக்கணும் என்பதெல்லாம் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். நல்ல மீனாகவே வாங்கி, அப்புறம் கெடுத்துவிடுகிறார்களே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஐஸ் இல்லாமல் கிளம்புவது

இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

நண்பர் ஒருவர் வீட்டு விசேஷத்துக்காக முழு வஞ்சிரம் எடுத்தார். அருமையான மீன், இன்னும் விறைப்புகூட விடவில்லை. நான் ஐஸ் போடச் சொன்னேன். “இப்பதானே படகுல இருந்து இறங்குச்சு, எதுக்கு?” என்று பையில் சுற்றி கார் டிக்கியில் போட்டுக்கொண்டார். வழியில் டிபன், அப்புறம் மளிகைக் கடை. தாம்பரம் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. வறுத்துச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அவருக்கும் மைத்துனருக்கும் முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, படபடப்பு. காலம் காலமாக மீன் சாப்பிடுகிற குடும்பம். இப்போது “வஞ்சிரம் எங்களுக்கு ஒத்துக்காது” என்கிறார்கள்.

எனக்கு அந்த மீன்மேல் சந்தேகம் இல்லை, டிக்கி மேல்தான். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி மூன்றும் ஒரே குடும்பம். இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் சூடேறினால் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியா பெருகி அதை ஹிஸ்டமினாக மாற்றும். முகம் சிவப்பது, வாயைச் சுற்றி எரிச்சல், அரிப்பு எல்லாம் அதன் வேலை. பார்க்க அலர்ஜி மாதிரியே இருக்கும். அப்படி ஏதாவது வந்தால் டாக்டரிடம் போய், என்ன மீன், எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

ஹிஸ்டமின் ஒருமுறை உருவாகிவிட்டால் எண்ணெயில் பொரித்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது, ஃப்ரீஸரில் வைத்தாலும் போகாது. மீன் நாற்றம் அடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. எலுமிச்சையும் மஞ்சளும் இதற்கு மருந்தே கிடையாது.

அதனால் வெட்டுக்கூலி பார்க்காமல் அங்கேயே செவுளையும் குடலையும் எடுக்கச் சொல்லுங்கள். தெர்மாகோல் பெட்டி கொண்டுபோங்கள். நம் ஊர் வெயிலுக்கு மீனின் எடைக்கு எடை நொறுக்கிய ஐஸ் வேண்டும்: அடியில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு, வயிற்றுக்குள்ளும் கொஞ்சம். உருகும் தண்ணீர் வடிய வழி இருக்கட்டும். மளிகை சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். பெரிய வஞ்சிரத்தின் விலை என்னவென்று உங்களுக்கே தெரியும். ஐஸுக்குக் கொடுக்கும் காசு அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

தடைக்காலத்தில் வஞ்சிரம்தான் வேண்டும் என்பது

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும் என்பதால், அதுவரை அங்கிருந்து ஐஸில் மீன் வரும். விலை ஏறியிருக்கும், புதுசாகவும் இருக்காது. அந்த நாட்களில் ஃபைபர் படகுக்காரர்கள் பக்கத்துக் கடலில் பிடித்துக் கொண்டுவருவதை வாங்குங்கள். சங்கராவோ பாறையோ, அன்றைக்குப் பிடித்ததாக இருந்தால் போதும்.

குட்டி வஞ்சிரம்

உடம்பில் குறுக்காக அலை அலையாய்க் கோடு போட்ட வகை இரண்டு மீட்டருக்கு மேலேயே வளரக்கூடியது. முக்கால் மீட்டர் வாக்கில் வளர்ந்த பிறகுதான் முட்டையிடும். முழங்கை நீளத்தில் அதை வாங்காதீர்கள். புள்ளி போட்ட வகை வேறு, அதன் வளர்த்தியே சின்னது.

மெல்லிய துண்டு

அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

கல்லில் போட்டதும் புரட்டுவது

வேண்டாம். அடி முறுகினால் தானாகவே விட்டுக்கொடுக்கும்.

தலையை விட்டுவிட்டு வருவது

வெட்டுகிற அக்கா “தலை வேணுமா?” என்று கேட்பார். பலர் வேண்டாம் என்று தலையாட்டிவிடுகிறார்கள். எடைக்குக் காசு கொடுத்தாயிற்று, குழம்புக்கு அதைவிட ருசியான பாகமும் இந்த மீனில் இல்லை. செவுளை மட்டும் எடுத்துவிட்டு இரண்டாகப் பிளந்து தரச் சொல்லுங்கள்.