விளக்கடிக்கு வரும் வெள்ளைப் பூச்சியைச் சும்மா விடாதீர்கள்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர்களுக்குச் சிவப்புக் கம்பளிப்புழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் தாய்ப் பூச்சியைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. நல்ல மழை பெய்த பிறகு தெருவிளக்கைச் சுற்றும் வெள்ளை அந்துப்பூச்சியை ஈசலோடு ஈசலாக விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேதான்.

முன்சிறகு வெள்ளை, அதில் பழுப்புக் கீற்றுகள், முன் ஓரத்தில் மஞ்சள் கோடு. தலையிலும் மஞ்சள் பட்டை உண்டு. பின்சிறகில் கறுப்புப் பொட்டுகள். செல்போனில் தேடினால் சிவப்பு ஓரம் போட்ட படமும் வரும். அது வடக்கே அதிகம் காணப்படும் இனம். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகப் பக்கம் நமக்குத் தொல்லை தருவது மஞ்சள் ஓரக்காரன். படத்தோடு ஒத்துப்போகவில்லையே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். முருங்கையில் அப்பிக் கிடக்கிற கம்பளிப்பூச்சியும் வேறு இனம்தான். அதிலிருந்துதான் இது வருகிறது என்று மரத்தை வெட்டினால் மரம்தான் போகும்.

சிலர் விளக்குப் பொறி என்று வெறும் பல்பை மட்டும் கொல்லையில் கட்டுகிறார்கள். கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் இல்லையென்றால், ஊர்ப் பூச்சியை எல்லாம் நம் பயிருக்கு விருந்துக்கு அழைத்த கதைதான். ஒரு பெண் பூச்சி இலைக்கு அடியில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து, குஞ்சுப் புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாகச் சுரண்டும். இலை சல்லடையாகத் தெரியும். அந்த இலையைக் கிள்ளி நசுக்கினால் ஒரு கூட்டமே போச்சு. அப்போது விட்டுவிட்டு, செம்மயிர் அடர்ந்த முழுப் புழுவான பிறகு மருந்தடிப்பது காசுக்குக் கேடு. அது லேசில் சாகாது.

நம் கொல்லையை மட்டும் பார்த்துக்கொண்டாலும் போதாது. ஒன்றை மொட்டையடித்துவிட்டு அடுத்ததுக்குப் படையாக ஊர்ந்து வரும். பக்கத்துக் கொல்லைக்காரரோடு பேசி, எல்லையில் ஓர் அடி ஆழத்துக்கு நீளப் பள்ளம் வெட்டினால் அதில் விழும்.

அப்புறம் கோடை உழவு. கூட்டுப்புழு 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில், பெரும்பாலும் வரப்பு ஓரத்திலும் மரத்தடியிலும், அடுத்த வருட மழை வரை தூங்கும். டிராக்டர்காரர் நடுவில் உழுதுவிட்டு, திரும்ப இடமில்லை என்று இந்த இரண்டையும்தான் விட்டுவிட்டுப் போவார். அங்கே மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிடுங்கள். மிச்சத்தை மைனாவும் கொக்கும் பொறுக்கிக்கொள்ளும்.