ஷோஜி கதவுக்கு நாமே புதுக் காகிதம் ஒட்டுவது எப்படி?

ஜப்பானில் டாடாமி (பாய்த் தரை) அறை உள்ள வாடகை வீடு, வீட்டில் தவழும் குழந்தை. இந்த இரண்டும் சேர்ந்தால் ஷோஜி காகிதம் தப்பாது. ஷோஜி என்பது மெல்லிய மரக் குச்சிகளால் ஆன சட்டத்தில் காகிதம் ஒட்டிய இழுப்புக் கதவு. என் மகள் நடக்கத் தொடங்கிய மாதத்தில் எங்கள் கதவின் கீழ்ப்பாதியில் பதினோரு ஓட்டைகள், எல்லாம் அவள் விரல் அளவு. ஆள் வைத்துச் செய்யலாம்தான், ஆனால் இது நாமே செய்யக்கூடிய வேலை. இரண்டு கதவுகளை ஒரு முறை சொதப்பி, திரும்பவும் பிரித்து ஒட்டிய பிறகு எழுதுகிறேன், அதனால் எங்கே சொதப்பும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

என்னென்ன வாங்க வேண்டும்

ஷோஜி காகிதச் சுருள், ஷோஜிக்கென்றே விற்கும் பசை, ஸ்பாஞ்ச், மாஸ்கிங் டேப், இரும்பு ஸ்கேல், புது பிளேடு போட்ட கட்டர், ஸ்ப்ரே பாட்டில். காகிதம் தவிர மற்றதெல்லாம் நூறு யென் கடையிலேயே கிடைத்துவிடும். காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 28 செ.மீ. அகலத்தில் வருவது மினோ அளவு, 25 செ.மீ. ஹன்ஷி அளவு, இவை வரிசை வரிசையாக ஒட்டுவதற்கு. முதல் முறை செய்பவர்கள் 94 செ.மீ. அகலச் சுருளை வாங்கி முழுக் கதவுக்கும் ஒரே தாளாக ஒட்டிவிடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டும் வகையும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. கோணலாக ஒட்டிவிட்டால் சரிசெய்வது கஷ்டம், அடுத்த முறை பிரிக்கவும் சூடுதான் காட்ட வேண்டும். மாவுப்பசை அப்படியில்லை, தண்ணீர் பட்டால் விட்டுக்கொடுத்துவிடும்.

கழற்றுவது

மேல் சட்டத்தின் பள்ளம் (கமோய்) கீழ்ப்பள்ளத்தைவிட (ஷிகிஇ) ஆழமானது. இரண்டு கைகளாலும் கதவை மேலே தூக்கினால் அடிப்பக்கம் தானாக வெளியே வந்துவிடும். ஆணி, திருகு எதுவும் கிடையாது. கழற்றியதும் ஒவ்வொன்றின் தலையிலும் டேப் ஒட்டி 'வலது', 'இடது' என்று எழுதிவிடுங்கள். பழைய வீடுகளில் ஒவ்வொரு கதவும் தன் இடத்துக்குப் பழகியிருக்கும், மாற்றி மாட்டினால் மூடாது.

பழைய காகிதத்தை எடுப்பது

காகிதம் ஒட்டிய பக்கம் மேலே வரும்படி படுக்க வைத்து, குச்சிகளின் மேல் மட்டும் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றிக்கொண்டே வாருங்கள். பத்து நிமிடம் பொறுத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் முழுசாக உரிந்து வரும். குளியலறையில் வைத்து ஷவர் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் முடியும், ஆனால் மெல்லிய மரம் அவ்வளவு தண்ணீர் குடித்தால் உப்பிவிடும், நான் செய்ய மாட்டேன். உரித்த பிறகு குச்சியை விரலால் தடவிப் பாருங்கள், வடித்த கஞ்சி பட்டதுபோல் வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பு போகும்வரை துடைக்க வேண்டும்.

அப்புறம் நிழலில் காய வையுங்கள். வெயில் வேண்டாம், சட்டம் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்றால், அரை நாளாவது. மழைக்காலத்தில் ஒரு முழு நாள்.

ஒட்டுவது

சுருளின் முனையைச் சட்டத்தின் ஒரு ஓரத்தில் நேராக வைத்து டேப்பால் பிடித்துக்கொண்டு, சுருளை அப்படியே பின்னால் தள்ளி வையுங்கள். குச்சிகள், சட்டம் எல்லாவற்றிலும் பசையைக் கோடாகத் தடவி, சுருளை மெதுவாக உருட்டிக்கொண்டே போங்கள். காகிதத்தை இழுத்துப் பிடிக்காதீர்கள்! நான் முதல் கதவில் சுருக்கம் வரக்கூடாதென்று விறைப்பாக இழுத்து ஒட்டினேன். அது காய்ந்தபோது இன்னும் சுருங்கி, நடுச்சட்டம் உள்பக்கமாக வளைந்து, கதவு பள்ளத்தில் ஓடவே இல்லை. லேசான அலை இருந்தால் இருக்கட்டும்.

மிச்சக் காகிதத்தைச் சட்டத்தின் விளிம்புப் படியில் ஸ்கேலை அழுத்தி வெட்டுங்கள். பசையில் நனைந்த காகிதம் மழுங்கிய பிளேடுக்குப் பிய்ந்து வரும், அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளேடு நுனியை ஒடித்துப் புதிதாக்குங்கள். கட்டரை நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்க வைத்து இழுங்கள்.

தண்ணீர் தெளிப்பது: இங்கேதான் கவனம்

சுருக்கத்தை எடுக்க ஸ்ப்ரே அடிக்க வேண்டும் என்று எல்லா விளக்கங்களிலும் இருக்கும். எப்போது என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை. ஒட்டி ஒரு மணி நேரத்தில் அடித்தேன். காகிதத்தின் இழைகள் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கும். ஓரம் கெட்டியாகப் பிடித்திருந்தால் அந்தச் சுருக்கம் காகிதத்தை மத்தளத் தோல்போல இழுத்துவிடும். பிடிக்காவிட்டால்? ஓரமே கழன்றுவிடும். என் கதவில் மேல்பக்கம் முழுக்கக் கையளவு உரிந்து தொங்கியது.

பசை முழுதாகக் காயட்டும், ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டு அடி தள்ளி நின்று பனி படர்வதுபோல் தெளியுங்கள். தெளித்ததும் முதலில் இன்னும் மோசமாகத் தொய்யும், பயப்படாதீர்கள், கையால் தடவவும் வேண்டாம். சில மணி நேரத்தில் தானாக விறைத்துக்கொள்ளும்.

இந்த வேலையைச் செய்த பிறகுதான் ஜப்பானியர்கள் காகிதத்தை ஏன் கட்டடப் பொருளாகவே நடத்துகிறார்கள் என்று புரிந்தது. கிஃபு மாநிலத்தின் மினோ ஊரில் கோஸோ மரப்பட்டையைக் கொண்டு கையால் செய்யும் ஹொன்மினோஷி காகிதக் கலை 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதே கிஃபுவின் காகித விளக்கு மரபிலிருந்துதான் சிற்பி இசாமு நொகுச்சி 1951-இல் தன் அகாரி விளக்குகளைத் தொடங்கினார். நீகாடா மாநிலத்தின் தகயனகியில் கட்டடக் கலைஞர் குமா கென்கோ 2000-இல் கட்டிய சமூகக் கூடத்துக்குச் சுவரே வாஷி என்னும் ஜப்பானியப் பாரம்பரியக் காகிதம்தான். கொன்யாக்கு கிழங்குப் பசையும் காகி (பெர்சிமன்) பழச் சாறும் பூசி அதை உறுதியாக்கியிருக்கிறார்கள். புதுக் காகிதம் ஒட்டிய மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் அறையில் வந்து நின்ற வெளிச்சத்தைப் பார்த்தால் அந்தப் பாடெல்லாம் தகும் என்பீர்கள்.

பின்சேர்க்கை

பிளாஸ்டிக் பூசிய காகிதம் வாங்கிய ஒரு வாசகி, எவ்வளவு தெளித்தும் சுருக்கம் போகவில்லை என்று எழுதியிருந்தார். அது தண்ணீரை உறிஞ்சாது, அதனால் விறைக்காது. அதை இருபக்க டேப்பால் முதலிலேயே சமமாக ஒட்ட வேண்டும்.

ஒரே ஒரு ஓட்டைக்காக முழுக் காகிதத்தையும் மாற்ற வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். மிச்சக் காகிதத்தைச் செர்ரிப் பூ வடிவில் வெட்டி ஓட்டைமேல் ஒட்டுங்கள், இங்கே வெகுகாலமாக அப்படித்தான் செய்கிறார்கள்.

மாட்டும்போது முதலில் மேல்பக்கத்தைப் பள்ளத்தில் செருகி, பிறகு அடிப்பக்கத்தை இறக்குங்கள். இழுக்க உரசினால் சாதாரண மெழுகுவத்தியைக் கீழ்ப்பள்ளத்தில் இரண்டு முறை தேய்த்துவிடுங்கள், குழந்தையே ஒரு கையால் தள்ளும்.