ஃபெசன்ட் இறகில் 'மிஸஸ் சிம்ப்சன்' கட்டும் முறை

நியூசிலாந்தின் ரோட்டோருவா, டவுப்போ ஏரிகளில் டிரவுட் மீனுக்கு வீசப்படும் 'மிஸஸ் சிம்ப்சன்' என்னும் ஸ்ட்ரீமர் (சிறுமீன் போலத் தோன்றும்படி தூண்டில் முள்ளில் கட்டப்படும் செயற்கை இரை), ஃபெசன்ட் என்னும் கோழியினப் பறவையின் சேவலுக்குப் பின்முதுகில் வளரும் பச்சை மினுமினுப்புள்ள இறகுகளால் கட்டப்படுகிறது.

தூண்டில் முள்ளின் தண்டில் நூலைச் சுற்றி, கறுப்பு அணில் முடியை வாலாகக் கட்டி, சிவப்பு அல்லது மஞ்சள் கம்பளி நூலால் உடலின் மூன்றில் ஒரு பங்கை நிரப்பிய பின், அளவிலும் வளைவிலும் ஒத்த 2 இறகுகளின் அடித்தூவியை நீக்கி, உட்குழிவு தண்டை நோக்கியிருக்க, பக்கத்துக்கு ஒன்றாக வைத்துக் கட்டுங்கள். காம்பை இடுக்கியால் சற்றே நசுக்கித் தட்டையாக்கினால் இறகு புரளாது. நடுவிலும் முள்ளின் கண்ணருகிலும் இப்படியே இன்னும் 2 இணைகள் வரும். முந்தைய இணையின் கட்டைப் பிந்தைய இணை மூட வேண்டும்.

இறகுத் தேர்வுக்கே அதிகப் பொறுமை தேவை. இணை பொருந்தாத ஸ்ட்ரீமர் நீரில் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். தலைமுடிச்சில் ஒரு சொட்டு வார்னிஷ் இட்டு உலரவிடுங்கள்.